எதிர்ப்பொருள் இலக்கணம்: திருவல்லிக்கேணிப் படலம்

பாயிரம்

ஆன்டிபாடி என்னும் எதிர்ப்பொருளைப் பற்றி மருத்துவர் எழுதிய நூல்கள் பல. அவற்றுள் ஒன்றையும் படியாமல் 2020 சித்திரை தொடங்கி இரண்டாண்டுக் காலம் திருவல்லிக்கேணியில் அதைப் பற்றிப் பேசியோர் அவற்றினும் பலர். அப்பேச்சுக்கு ஓர் இலக்கணம் வேண்டும் என்பது பற்றி எழுந்தது இந்நூல்.

எல்லை: வடக்கே வாலாஜா சாலை, கிழக்கே கடல், தெற்கே ஐஸ் ஹவுஸ், மேற்கே ராயப்பேட்டைக்காரர் ஆட்சேபம் கிளப்பும் இடம். மாநகராட்சி அப்போது இவ்வூரை ஒன்பதாம் மண்டலமாகிய தேனாம்பேட்டையில் சேர்த்திருந்தது. அது மாநகராட்சியின் கருத்து. பார்த்தசாரதி கோயிலும் வாலாஜா பெரிய பள்ளிவாசலும் ரத்னா கஃபேயும் எண்ணித் தீராத மேன்ஷன்களும் இவ்வெல்லைக்குள் அடங்கும். ஆள் நெருக்கம் மிகுந்த ஊரில் தொற்று மிகும். தொற்று மிகுந்த ஊரில் சோதனை மிகும். சோதனை மிகுந்த ஊரில் வியாக்கியானம் மிகும். ஆதலின் இவ்வூர் தெரிவு செய்யப்பட்டது.

கேட்போர்: லேப் ரிப்போர்ட்டை போனில் வாங்கி, இரண்டு விரலால் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ஒன்றும் விளங்காமல் அமெரிக்காவிலுள்ள மகனுக்கு அனுப்பியோர். பயன்: கேட்டபின் தாமே உணர்க.

காலவியல்

சூத்திரம்: காலம் மூன்று, கருவி இரண்டு.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், மூக்கில் குச்சி விடுவதும் கையில் ஊசி குத்துவதும் வேறு வேறு என்பதை உணர்த்துதல் நுதலிற்று. மூக்குக் குச்சியால் செய்யும் ஆர்டிபிசிஆர் நிகழ்காலத்துக்கு உரியது: வைரஸ் இப்போது இருக்கிறதா? ரத்தத்தில் செய்யும் ஆன்டிபாடி சோதனை இறந்தகாலத்துக்கு உரியது: வைரஸ் வந்து போயிற்றா? உடம்பு எதிரியைக் கண்ட பிறகே எதிர்ப்பொருளைச் செய்யத் தொடங்கும். முந்தி வருவது ஐஜிஎம். பிந்தி வருவது ஐஜிஜி. அளக்குமளவு சேர ஒரு வாரமும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். ஐஜிஎம் சில வாரங்களில் விடைபெறும். ஐஜிஜி மாதக்கணக்கில் தங்கும். ஆகவே காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் ஆன்டிபாடி சோதனை செய்து, 'நெகட்டிவ்' என்று கண்டு, நிம்மதியாகக் கடைக்குப் போனவர், நேற்று நடந்த திருட்டைப் போன வருஷத்துப் பேப்பரில் தேடியவர் ஆவார்.

மூன்றாவதாகிய எதிர்காலத்துக்குக் கருவி கிடையாது. 'இனிமே எனக்கு வருமா?' என்பது எதிர்கால வினா. திருவல்லிக்கேணியில் ஆன்டிபாடி சோதனைக்குக் கை நீட்டியவர் அனைவரும் கேட்டது இந்த ஒரே வினாவைத்தான்.

இறந்தகாலக் கருவியிடம் எதிர்காலம் கேட்கும் இவ்வழு உள்ளூர் வழு மட்டும் அன்று. 2020 ஏப்ரலில் சிலே நாட்டு அரசு, நோயிலிருந்து மீண்டவர்களுக்குச் சான்றிதழ் தரப்போவதாகச் சொன்னது. அதே ஏப்ரல் 24 அன்று உலகச் சுகாதார நிறுவனம், எதிர்ப்பொருள் உடையவருக்கு மறுபடி தொற்றாது என்பதற்குச் சான்று இல்லை என எச்சரித்தது. இறந்தகால வினைமுற்றை எதிர்காலத்தில் ஆளாதீர் என்று ஜெனீவாவிலிருந்து வந்த திருத்தம் அது. இவ்வூர் வாட்ஸ்அப்புக்கு இச்செய்தியின் முதல் பாதி வந்து சேர்ந்தது.

எண்ணியல்

சூத்திரம்: பன்மைக்கு மெய்யாவது ஒருமைக்கு ஐயமாகும்.

நூலின் உயிர் இச்சூத்திரத்தில் இருக்கிறது. ஏனையவற்றைப் படியாது விடுவோரும் இதைப் படித்துவிட்டுப் போகலாம். ஒரே கிட், ஒரே ரத்தம், ஒரே கோடு. ஆயிரம் பேரைப் பற்றிக் கேட்டால் அது நம்பத்தக்க விடை தரும். ஒருவரைப் பற்றிக் கேட்டால் தடுமாறும். ஏன் எனின், ஆயிரம் பேரிடத்து எத்தனை பிழை நேரும் என்று கணக்கிட்டுக் கழித்துவிடலாம். ஒருவரிடத்தில் எதைக் கழிப்பது? அவர் முழுவதும் பிழையாகவோ முழுவதும் சரியாகவோதான் இருக்க முடியும்.

இதற்குப் பழைய எடுத்துக்காட்டு சென்னையிலேயே உண்டு. 1986. எய்ட்ஸ் என்பது அமெரிக்கர்களின் நோய், நம் ஒழுக்கத்துக்கு அது வராது என்று படித்தவர்களே சொல்லிக்கொண்டிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன், ஆய்வேட்டுக்குப் பொருள் தேடிய தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவை இதில் இறங்கச் சொன்னார். நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக் காத்தார். எலைசா சோதனை செய்ய வசதி இருந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு ரயிலில் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் நிறம் மாறியது. அமெரிக்காவுக்கு அனுப்பி மறுபடி சோதித்து உறுதி செய்தார்கள். சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவில் எச்ஐவி உண்டு என்று முதலில் சொன்னது இந்த ஆறு குப்பிகள்தான்.

அதுவும் ஆன்டிபாடி சோதனையே. அதன் வினா பன்மை வினா: இந்நாட்டில் இந்நோய் நுழைந்துவிட்டதா? விடையும் பன்மைக்கே பயன்பட்டது. ரத்த வங்கிகளில் சோதனை வந்தது, கண்காணிப்பு வந்தது. ரத்தம் தந்த ஒருத்திக்கு அன்றைக்குக் கொடுக்க மருந்து ஒன்றும் இல்லை. பன்மைக்கு நடக்கும் நன்மைக்கு ஒருமை விலை கொடுப்பது உண்டு என்பதை உரைகாரர்கள் வழக்கமாக அடிக்குறிப்பில் தள்ளிவிடுவார்கள். இந்நூலில் அடிக்குறிப்பு இல்லாததால் இங்கேயே சொல்லப்பட்டது.

இனிக் கொரோனாக் காலம். 2020 மே, ஜூன் மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமாகிய ஐசிஎம்ஆர் 21 மாநிலங்களில் 70 மாவட்டங்களில் 28,000 பேரின் ரத்தம் எடுத்து முதல் தேசிய ஆய்வை நடத்தியது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருவண்ணாமலை. புனே வைராலஜி நிறுவனம் செய்த 'கோவிட் கவச்' என்னும் எலைசா கருவி, இரண்டரை மணி நேரத்தில் ஒரே தடவையில் 90 மாதிரிகளைப் பார்க்கும். வந்த விடை 0.73 சதவீதம். கருவிக்குக் கவசம் என்று பெயர் வைத்தது ஒரு வழு. கவசம் வரப்போகும் அம்புக்கு உரியது. இக்கருவி பட்ட அம்பை எண்ணுவது.

அடுத்து அயப்பாக்கத்துத் தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனமும் மாநகராட்சியும் சேர்ந்து சென்னைக்கென்றே தனி ஆய்வு நடத்தின. 2020 ஜூலை 17 முதல் 28 வரை, 15 மண்டலங்களில் 51 வார்டுகள். முதலில் வெளியான கணக்கில் 12,405 மாதிரிகள், அவற்றுள் 2,673-இல் எதிர்ப்பொருள், அதாவது 21.5 சதவீதம். தண்டையார்பேட்டை மண்டலத்தில் 44-ஐத் தாண்டியது. மாதவரத்தில் 7 சொச்சம். பின்னர் ஆய்விதழில் வந்தபோது, மாதிரிகளுக்கு மக்கள்தொகையை ஒட்டி நிறை கொடுத்துத் திருத்திய எண் 18.4. அதனோடு ஒரு வரியும் இருந்தது: சென்னை மக்களில் பெரும்பாலோர்க்கு இன்னும் தொற்ற இடமுண்டு.

இவ்வெண் எதற்குப் பயன்பட்டது எனின், கேளும். ஜூலைக் கடைசியில் சென்னையில் மூக்குக் குச்சியால் உறுதியானோர் ஏறக்குறைய ஒரு லட்சம். ரத்தம் சொன்ன கணக்கோ பத்து லட்சத்தைத் தாண்டும். கண்ணுக்குத் தெரிந்த ஒருவருக்குப் பின்னால் தெரியாதவர் பத்துப் பேருக்கு மேல். காய்ச்சல் முகாம் போட்டு, வீடு வீடாகக் கதவைத் தட்டி, சளி உண்டா இருமல் உண்டா என்று கேட்டும் பிடிபடாத தொற்றின் பருமன் இதனால்தான் தெரிந்தது. இறப்பு விகிதத்தைக் கணக்கிட அடியில் எந்த எண்ணை வைப்பது என்பதும் தெரிந்தது. ஒரே நகரத்தில் ஒரு மண்டலத்தில் 44, இன்னொரு மண்டலத்தில் 7 என்றால், அடுத்த அலை எங்கே எரிய விறகு மிச்சம் இருக்கிறது என்பதும் தெரிந்தது. மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையில் உட்கார்ந்து படுக்கைக் கணக்குப் போடுவோருக்கு இவை பொன்னான எண்கள்.

அதே எண்கள் பாரதி சாலை டீக்கடைக்கு வந்தபோது நிகழ்ந்தது வருமாறு:

"பாய், இருபத்தொரு பர்சன்ட் வந்துடுச்சாம்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்தான்."

"அப்போ மிச்சம் எழுபத்தொம்போதும் வந்துட்டா மாஸ்க்கக் கழட்டிரலாமா?"

இதில் சதவீதம் ஊரைவிட்டுக் கிளம்பி ஒவ்வொருவர் உடம்புக்குள்ளும் சமமாகப் பங்கிடப்பட்டதைக் காண்க. ஐந்தில் ஒருவருக்கு முழுமையாக இருந்தது, நான்கு பேருக்கு அறவே இல்லாதது, எல்லாருக்கும் ஐந்தில் ஒரு பங்கு இருப்பதாக மாறியது. இதற்குப் 'பன்மை ஒருமைக்கண் மயங்கல்' என்று பெயரிடுக. இவ்வூரில் ரேஷன் சர்க்கரை நெடுங்காலம் அப்படித்தான் பங்கிடப்பட்டது என்பதால் குற்றம் முழுவதும் மக்களுடையது அன்று.

பொய்யியல்

சூத்திரம்: பொய் இரண்டு, இல்லாததை உண்டென்றலும் உள்ளதை இல்லையென்றலும்.

2020 ஏப்ரலில் இந்திய மாநிலங்கள் எல்லாம் ரேபிட் ஆன்டிபாடி கிட் வரவை எதிர்பார்த்திருந்தன. விரல் நுனியில் ஒரு குத்து, கர்ப்பச் சோதனை அட்டையைப் போன்ற ஒரு பட்டை, கால் மணி நேரம், ஒரு கோடு அல்லது இரண்டு கோடு. ஏப்ரல் நடுவில் குவாங்சூவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கின. ஐசிஎம்ஆர் முதலிலேயே இது நோயறியும் கருவி அன்று, தொற்று மிகுந்த இடங்களில் கண்காணிக்கும் கருவி என்று சொல்லியிருந்தது. அதாவது பன்மைக்கு உரியது, ஒருமைக்கு அன்று. கேட்டவர் குறைவு. ராஜஸ்தான் ஏற்கனவே நோய் உறுதியானவர்களிடம் இதைப் போட்டுப் பார்த்து, துல்லியம் 5.4 சதவீதம் என்று கூறி ஏப்ரல் 21-இல் நிறுத்தியது. மற்ற மாநிலங்களைக் கேட்டதில் விடைகள் 6 முதல் 71 சதவீதம் வரை சிதறிக் கிடந்தன. ஏப்ரல் 27-இல் குவாங்சூ வோண்ட்ஃபோ, சூஹாய் லிவ்சான் என்னும் இரண்டு கம்பெனிகளின் கிட்டுகளையும் திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. தமிழ்நாடு 24,000 கிட்டுகளைத் திருப்பியது.

பொய்யியலுள் விலையியலும் அடங்கும். இறங்கிய விலை ஒரு கிட்டுக்கு 245 ரூபாய், அரசு தர ஒப்பிய விலை 600 ரூபாய் என்பது இறக்குமதி செய்தவரும் விநியோகித்தவரும் டெல்லி உயர்நீதிமன்றத்தில் சண்டையிட்டபோதுதான் வெளியே வந்தது. கிட் சொல்லாத உண்மையைக் கிட்டின் வழக்கு சொல்லிற்று. நீதிமன்றம் 400 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்றது. திருவல்லிக்கேணியில் தள்ளுவண்டியில் கொத்தமல்லிக் கட்டுக்குப் பேரம் பேசுகிறவர்கள் இதைக் கேட்டு மூன்று நாள் வேறு பேச்சுப் பேசவில்லை. இவ்வியலில் அவர்களுக்கு எளிதில் விளங்கிய பகுதி இது ஒன்றுதான்.

விளங்காத பகுதி வருமாறு. கணக்குக்காக நல்ல கிட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொற்றியவர் நூறு பேரில் 90 பேரைப் பிடிக்கும். தொற்றாதவர் நூறு பேரில் 98 பேரை விட்டுவிடும், இரண்டு பேரைத் தவறாகப் பிடிக்கும். ஊரில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் தொற்று வந்துபோயிருக்கிறது. ஆயிரம் பேரைச் சோதித்தால் தொற்றியவர் பத்துப் பேரில் 9 பேர் பிடிபடுவர். தொற்றாத 990 பேரில் ஏறக்குறைய 20 பேர் வீணாகப் பிடிபடுவர். இரண்டு கோடு கண்ட 29 பேரில் 20 பேருக்கு அது பொய். அதே கிட்டை நூற்றுக்கு இருபது பேருக்குத் தொற்று வந்துபோன ஊருக்குக் கொண்டுபோனால், 180 மெய், 16 பொய். கிட் மாறவில்லை, கோடு மாறவில்லை. ஊர் மாறியதும் உண்மை மாறியது.

கிட்டின் யோக்கியதை கிட்டில் மட்டும் இல்லை என்பது இதனால் பெறப்பட்டது. இதை ஒரு மருத்துவர் ரத்த அழுத்தம் பார்க்கும் நேரத்தில் ஒருவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. யாரும் முயலவும் இல்லை.

மாந்தரியல்

சோதனை செய்துகொண்டோரை வகுக்கும்போது வயது, பால், தெரு என்பவற்றால் வகுத்தல் அரசின் மரபு. ரிப்போர்ட் கையில் வந்தவுடன் முகம் என்னவாகிறது என்பதால் வகுத்தல் இந்நூலின் மரபு.

தலைமை வகையினர் பழமை கோருவோர். 'போன ஜனவரியில எனக்கு ஒரு சளி புடிச்சுது பாருங்கோ, அதான் இது' என்பது இவர்தம் கிளவி. ஐஜிஜி பாசிட்டிவ் என்று வந்தால் அந்தச் சளி உறுதியாயிற்று என்பர். நெகட்டிவ் என்று வந்தால் எதிர்ப்பொருள் வந்து கரைந்துவிட்டது என்பர். எவ்விடையாலும் அசையாத கொள்கை உடையராதலின், இவர்களுக்குச் சோதனை தேவையே இல்லை. ஆனால் முதலில் சோதனைக்குப் போனவர்கள் இவர்களே. இவ்வகையார் வடக்கு மாட வீதியில் மிகுதி. பெரிய தெருவில் அருகிக் காணப்படுவர்.

அடுத்தவர் எண் சேர்ப்போர். தடுப்பூசி வந்த 2021-க்குப் பின் தோன்றிய வகை. அதுவரை 'உண்டு, இல்லை' என்றிருந்த ரிப்போர்ட், தனியார் லேப்களில் எண்ணாக வரத் தொடங்கியதும் இவ்வினம் பெருகிற்று. ரோஷ் கம்பெனியின் ஸ்பைக் எதிர்ப்பொருள் சோதனையில் 0.80-க்கு மேல் இருந்தால் உண்டு என்று பொருள். 250 வரை அளக்கும். அபாட் கருவியில் எல்லைக்கோடு 50. இரண்டும் வேறு வேறு அலகுகள். ஆயினும் ஒரே குடும்பத்தில் மாமியாருக்கு ஒரு லேபிலும் மருமகளுக்கு வேறொரு லேபிலும் எடுத்து, இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, யாருக்கு உடம்பில் பலம் அதிகம் என்று தீர்மானித்த வீடுகள் உண்டு. முழத்தால் அளந்ததையும் அடியால் அளந்ததையும் கழித்துப் பார்த்து வித்தியாசம் கண்டவர்கள் இவர்கள். துளசிங்கப் பெருமாள் கோயில் தெருப் பெரியவர் ஒருவர் ரிப்போர்ட் கொண்டுவந்த இளைஞரிடம் கேட்டது:

"தம்பி, எனக்கு எவ்வளவு?"

"இருநூத்தம்பதுக்கு மேல சார்."

"மேலன்னா எவ்வளவு மேல?"

"மிஷின் அதுக்கு மேல எண்ணாது சார். சாம்பிளக் கலந்து மறுபடி ஓட்டணும்."

"ஓட்டச் சொல்லேன். பக்கத்து ஆத்துல ஐநூறுன்னு சொல்லிண்டு திரியறான்."

எந்த எண்ணுக்கு மேல் இருந்தால் நோய் அண்டாது என்று அந்நாளில் ஒருவரும் வரையறுத்திருக்கவில்லை. தடுப்பூசி போட்டவர்களுக்குக் காப்பு உண்டா என்று அறிய இச்சோதனையைப் பயன்படுத்தாதீர் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 மே மாதம் அறிவுரை சொன்னது. எல்லை இல்லாத பந்தயத்தில் எண் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மதிப்பெண் என்று ஒன்று வந்துவிட்டால் அது எதை அளக்கிறது என்று கேட்கும் பழக்கம் நம் வீடுகளில் பத்தாம் வகுப்போடு போய்விடுகிறது.

இவர்களுக்கு மறுதலையானவர் சூனியர். இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டு, லேபுக்குப் போய், 'நெகட்டிவ்' என்று வாங்கி வந்து சாப்பிடாமல் படுத்தவர்கள். இவர் துயரத்துக்குக் காரணம் பெரும்பாலும் உடம்பு அன்று, சோதனை. வைரஸின் மேல்முள்ளாகிய ஸ்பைக் மீது பிறக்கும் எதிர்ப்பொருள் வேறு. உள்ளே மரபுப்பொருளைச் சுற்றியிருக்கும் நியூக்ளியோகாப்சிட் என்னும் புரதத்தின் மீது பிறப்பது வேறு. கோவிஷீல்டு முள்ளை மட்டும் உடம்புக்குக் காட்டுவது. எனவே அது போட்டவருக்கு உட்புரத எதிர்ப்பொருள் பிறவாது. கோவாக்சின் கொல்லப்பட்ட முழு வைரஸ் ஆதலின் இரண்டும் பிறக்க இடமுண்டு. தொற்று வராமல் கோவிஷீல்டு மட்டும் போட்டவர் உட்புரதத்தைத் தேடும் சோதனையைச் செய்துகொண்டால் இல்லை என்றே வரும்; அது சரியான விடை. கேள்விதான் தவறு. லேப்காரரும் கேட்கமாட்டார், வந்தவருக்கும் தெரியாது. லக்னோவில் ஒருவர் தமக்கு எதிர்ப்பொருள் வரவில்லை என்று தடுப்பூசிக் கம்பெனி மீது காவல் நிலையத்தில் புகாரே கொடுத்தார். திருவல்லிக்கேணிச் சூனியர் போலீசுக்குப் போகவில்லை. மூன்றாவது ஊசி எங்கே ரகசியமாகப் போடுகிறார்கள் என்று விசாரித்தார்.

ஒழுங்குமுறை கருதி இத்தலைப்பில் வேறு வரலாறு ஒன்று கூறவேண்டியிருக்கிறது. இவ்வூருக்கு ஆன்டிபாடி சோதனை 2020-இல் வந்தது என்பது பிழை. இங்கே நான்கு நாள் காய்ச்சலுக்கு மேல் போன எவருக்கும் எழுதித் தரப்படும் 'வைடால்' சோதனையும் அதுவே. 1896-இல் பிரெஞ்சு மருத்துவர் வைடால் செய்தது. டைபாய்டுக் கிருமிக்கு எதிரான பொருள் ரத்தத்தில் உண்டா என்று பார்ப்பது. டைபாய்டு பரவலாக உள்ள ஊர்களில் பலருக்குப் பழைய தொற்றின் எச்சமோ ஊசியின் எச்சமோ ரத்தத்தில் கிடக்குமாதலின், ஒரே ஒரு வைடாலை வைத்து ஒன்றும் அறுதியிட முடியாது. இருந்தும் 'ஒன்றுக்கு நூற்றறுபது' என்று வந்த மறுகணம் இட்லி, கஞ்சி, ஆன்டிபயாட்டிக் என்று வீடு அணிவகுக்கும். ஆக நெடுங்காலமாக இறந்தகாலத்தை நிகழ்காலமாகப் படித்துப் பழகிய ஊர் இது. கொரோனாவில் எதிர்காலமாகவும் படித்தது; அவ்வளவே வளர்ச்சி.

எஞ்சிய வகை கொடையாளர். எதிர்ப்பொருள் உள்ளவர் பிளாஸ்மா தந்தால் பிறர் பிழைப்பர் என்று நம்பி, 2020 ஜூலையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் திறந்த பிளாஸ்மா வங்கிக்குப் போனவர்கள். ரத்தத்தில் உள்ளதைத் தன் பெருமையாகக் காட்டாமல் பிறருக்குக் கொடுக்க வந்தவர்கள் ஆதலின், இவ்வியலில் கேலிக்கு இடமாகாத ஒரே வகை. 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் ஐசிஎம்ஆர் நடத்திய ஆய்வில் பிளாஸ்மாவால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்று தெரிந்தது. 2021 மே மாதம் சிகிச்சை நெறிமுறையிலிருந்து அது நீக்கப்பட்டது. கொடுத்தவர்கள் கொடுத்தவர்களே.

தேய்வியல்

சூத்திரம்: இறந்தகாலமும் இறக்கும்.

ஒரு தடவை நடந்தது நடந்ததுதான் என்பது உலக வழக்கு. ரத்த வழக்கு வேறு. தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை மாநிலம் முழுவதும் எடுத்த முதல் ஆய்வில், 2020 அக்டோபர், நவம்பரில், ஏறக்குறைய 31 சதவீதத்தினருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. 2021 ஏப்ரலில் எடுத்த இரண்டாம் ஆய்வில் 23 சதவீதம். நடுவே புதிதாகத் தொற்றியோர் உண்டு, ஊசி போட்டோர் உண்டு. இருந்தும் எண் இறங்கிற்று. வந்த நோய் வராததாகிவிடுமா? ஆகாது. எதிர்ப்பொருள் நாளடைவில் கருவி காணும் அளவுக்குக் கீழே இறங்கும். எந்தப் புரதத்தின் எதிர்ப்பொருளைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்து விரைவாகவும் இறங்கும். இறங்கிய பின்னும் உடம்பின் நினைவுச் செல்கள் நினைவு வைத்திருக்கும். அதை விரல் குத்தில் கேட்க வழியில்லை.

அந்த 23 வந்த வேளையில்தான் இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்தது. 2021 மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. ஓமந்தூரார் மருத்துவமனைப் பக்கம் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்ற அந்த நாள்களில், போன ஜூலையின் 21 சதவீதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பிரேசிலில் மனாவ்ஸ் நகரம் இதைவிடக் கொடுமை. ரத்ததானம் செய்தவர்களைச் சோதித்து, 2020 அக்டோபருக்குள் 76 சதவீதத்தினருக்குத் தொற்று வந்துபோயிற்று என்று கணக்கிட்டார்கள். அவ்வளவு பேருக்கு வந்த ஊரில் இனித் தொற்று ஓயும் என்று எதிர்பார்க்க நியாயம் இருந்தது. 2021 ஜனவரியில் அங்கே மருத்துவமனைகளில் ஆக்சிஜன் தீர்ந்தது.

2021 ஜூன், ஜூலையில் தமிழ்நாட்டின் மூன்றாம் ஆய்வு: 26,610 மாதிரிகளில் 66.2 சதவீதம். விருதுநகர் 84, சென்னை 82, ஈரோடு 37. இதை எதிர்காலமாகப் படித்தவர் 'சென்னை தப்பிச்சுது' என்றார். இறந்தகாலமாகப் படித்தவர், ஈரோட்டில் முதலில் ஊசி முகாம் போடு என்றார். இருவரும் ஒரே அட்டவணையைத்தான் படித்தார்கள். டிசம்பரில் நான்காம் ஆய்வு 87 என்றது. அடுத்த மாதமே ஓமைக்ரான் அலை எழுந்து, ஒருநாள் எண்ணிக்கை 30,000-ஐத் தாண்டியது. ஆயினும் முந்தைய மே மாதத்து அளவுக்கு மரணம் இல்லை. தொற்றாமல் காப்பது வேறு, தொற்றினாலும் சாகாமல் காப்பது வேறு. 87 என்னும் எண் பின்னதற்கு ஓரளவு பிணை நின்றது, முன்னதற்கு நிற்கவில்லை. அப்போது திருவல்லிக்கேணியில் எண் சேர்ப்போர் அனைவரும் ஒரே வாரத்தில் தும்மினர்.

புறனடை

மேற்கூறிய இயல்களுள் அடங்காதோர் இருவர்.

ஒருவர் மேன்ஷன் வாசி. பத்துக்கு எட்டடி அறை, தளத்துக்கு ஒரு பொதுக் குளியலறை, கயிற்றில் தொங்கும் நான்கு சட்டை. வீடு வீடாகப் போகும் ஆய்வில் 'வீடு' என்பது எது என்னும் வினா எழுந்தால் முதலில் வெளியே நிற்பவர். 2020 ஜூனில் சென்னைக்கு மறுபடி முழு ஊரடங்கு என்று தெரிந்ததும், இ-பாஸ் கிடைத்தும் கிடைக்காமலும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். ஜூலையில் ரத்தம் எடுக்க வந்தபோது அறை பூட்டியிருந்தது. இவர் ரத்தம் பெற்ற தொற்று திருவல்லிக்கேணிக்கு உரியது. இவர் ரத்தம் தரும் விடை பெரம்பலூருக்கோ பரமக்குடிக்கோ உரியது. இவ்வேற்றுமைக்கு உருபு இன்னும் காணப்படவில்லை.

மற்றவர் தராதார். ஆய்வுக்குச் சம்மதம் கேட்டுத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். மறுக்க உரிமை உண்டு. ஐஜிஜி சோதனையில் பாசிட்டிவ் வந்தால் வாசலில் தகரம் அடிக்கமாட்டார்கள், ஆளைத் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள் என்பது களப்பணியாளர் சொன்னது. ஏப்ரலிலும் மே மாதத்திலும் தொற்று வந்த வீடுகளைத் தகரம் அடித்து மூடியதைப் பார்த்தவர் நம்பவில்லை. முருகப்பா தெருப் பக்கம் ஒரு வாசலில் நடந்தது:

"அஞ்சு நிமிஷம்தான்மா. கொஞ்சூண்டு ரத்தம்."

"எடுத்துட்டு?"

"சோதிச்சுட்டு உங்களுக்கே ரிசல்ட் சொல்லுவோம்."

"எங்களுக்கு மட்டுமா, கார்ப்பரேசனுக்குமா?"

களப்பணியாளர் பதில் தேடுவதற்குள் கதவு சாத்தப்பட்டது. தராதாரைப் பற்றி எந்த ஆய்வும் ஒன்றும் சொல்ல இயலாது. தராதாரும் தந்தாரைப் போன்றவரே எனக் கொண்டுதான் எல்லாச் சதவீதமும் கணக்கிடப்படும் என்க. இந்தக் கொள்கையைத் திருவல்லிக்கேணியில் ஒரு வருஷம் குடியிருந்த எவரும் ஒப்பமாட்டார்.